நழுவாத ரீல்

தலை தீபாவளிக்கு வருகிற மாப்பிள்ளை மோதிரம் கேட்பார், வாட்ச் கேட்பார். கொஞ்சம் துணிச்சல்காரராக இருந்தால் வண்டியே கேட்பார். நல்லானின் மகளைக் கட்டியவன் கேட்டதோ மீன் பிடிக்கிற ரீல்.

"என்னது?" என்றார் நல்லான். சோற்றைப் பிசைந்த கை தட்டில் அப்படியே நின்றது.

"ரீலுங்க," என்றாள் மனைவி நஞ்சம்மாள், காதிலிருந்து செல்போனை எடுக்காமலே. "தூண்டில்ல மாட்டறதாமா. கைப்புடியச் சுத்துனா நூலு வந்து அதுல சுத்திக்குமாமா. மோதரமெல்லாம் வேண்டாம், அது ஒண்ணு போதும்னு அவரு சொன்னாராமா."

"மீன் புடிக்கறதுக்கா நாம பொண்ணு..." என்று ஆரம்பித்தவர் மீதியை விழுங்கிக்கொண்டார். பொண்ணு குடுத்தோம் என்று முடிக்க வழியில்லை. இவர் கொடுக்கவில்லை, அவளாகப் போனாள்.

நல்லான் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் ஃபிட்டர். வெள்ளகோவிலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கிராமத்திலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவர். மகள் சித்ரகலா வேறொரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். போன வருஷம் தீபாவளி முடிந்த கையோடு, ஒரு நாள் காலையில் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனவள், சாயங்காலம் ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலிலிருந்து போன் செய்தாள். பையன் அதே கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர், பெயர் ஜெபக்குமார், தூத்துக்குடிப் பக்கம் ஏதோ கடலோர ஊர். சாதி வேறு, சாமியும் வேறு. நல்லானுக்குத் தலையில் இடி விழுந்தது. செத்தாலும் அவள் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்று ஊருக்கே கேட்கக் கத்தினார். அன்றிலிருந்து அந்த வீட்டில் மகள் பேச்சு இல்லை. நஞ்சம்மாள் மட்டும் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று போனில் குசுகுசுப்பாள். நல்லான் கேட்காத மாதிரி இருப்பார். கேட்காத மாதிரி இருப்பதற்காகவே அந்தப் பக்கம் நாலு தடவை நடப்பார்.

உள்ளே மனிதர் உருகிப் போயிருந்தார் என்பதுதான் நிஜம். பஸ்ஸில் எந்தப் பெண் பின்னலில் மஞ்சள் ரிப்பனைப் பார்த்தாலும், மகள் பள்ளிக்கூடம் போன காலம் ஞாபகம் வந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வீம்பு விடவில்லை, அவ்வளவுதான். இந்த வருஷம் நஞ்சம்மாள் ஒரே போடாகப் போட்டாள்: "தலை தீபாவளிக்குப் புள்ளைய அழைக்கலீன்னா இந்த ஊட்டுல எண்ணெய்ச் சட்டி அடுப்பேறாதுங்க." நல்லான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, "என்னமோ பண்ணு" என்றார். அன்று ராத்திரி முழுக்க அவருக்குச் சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

சித்ரகலா வருகிறேன் என்றாள். கூடவே அம்மாவிடம் ஒன்று சொல்லிவிட்டாள்: "அவங்களுக்கு அங்க ஒரு மருவாதிக் குறைச்சல் நடந்துதுன்னா, அதுக்கப்பறம் நான் அந்தப் படி ஏற மாட்டனுங்ம்மா. இது சத்தியம்." சத்தியம் செய்தால் செய்ததுதான். பிடிவாதம் அவளுக்கு யாரிடமிருந்து வந்தது என்று நல்லானுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆகவே ரீல். வாழ்நாளில் ஒரு தவளைக்குஞ்சைக்கூடப் பிடித்தறியாத நல்லான், போனஸ் வாங்கிய மறுநாள், திருப்பூர் காதர்பேட்டைச் சந்துக்குள் ரீல் தேடிப் புறப்பட்டார்.

பனியன் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து புறப்பட்டு, கடைசியில் ஒருவர் கை காட்டியது கன்னையன் கடை. வலை, தூண்டில் முள், கயிறு எல்லாம் விற்கிற கடைதான். தீபாவளி வந்ததும் முன்பக்கம் முழுக்கப் பட்டாசை அடுக்கியிருந்தார். கூட்டம் நெட்டித் தள்ளியது. கன்னையன் ஒரு கையால் சரவெடிக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டே, மறு கையால் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து நாலைந்து ரீல்களை எடுத்து வைத்தார்.

ஒவ்வொன்றாக எடுத்துக் கைப்பிடியைச் சுற்றி, காதோரம் வைத்துக் கேட்டார் நல்லான். மெஷினைப் பொறுத்தவரை அவருக்குக் கண்ணைவிடக் காதில்தான் நம்பிக்கை. ஒன்று கரகரத்தது, ஒதுக்கினார். ஒன்றில் கைப்பிடி ஆடியது, அதையும் ஒதுக்கினார். இன்னொன்று சுற்றும்போது நடுவில் ஒரு இடத்தில் லேசாகத் திக்கியது. கடைசியாகச் சாம்பல் நிறத்தில் ஒன்று. சுற்றினால் சத்தமே இல்லை. பேரிங் வெண்ணெயாக ஓடியது. அடேங்கப்பா என்று நினைத்துக்கொண்டார். இதைச் செய்தவன் தொழில் தெரிந்தவன்.

பிறகுதான் அந்த அதிர்ச்சி. நூல் சுற்றுகிற உருளையை இறுக்கிப் பிடித்து, சும்மா ஒரு திருப்புத் திருப்பினார். கிர்ரென்று சத்தம் போட்டுக்கொண்டு அது வழுக்கியது.

நல்லானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மறுபடி திருப்பினார், மறுபடியும் கிர்ர். ஒதுக்கி வைத்த மற்றவற்றையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். எல்லாமே வழுக்கின! அத்தனையும் கழண்ட சரக்கு!

முப்பது வருஷமாக அவர் பார்த்த வேலையே நூலை நழுவ விடாமல் காப்பதுதான். நிட்டிங் மெஷினில் நூல் ஒரு நொடி வழுக்கினால் துணியில் ஓட்டை விழும், ஒரு ரோல் துணியும் கழிவுக்குப் போகும். வழுக்கல் என்ற சொல் காதில் விழுந்தாலே கையில் ஸ்பேனரை எடுக்கிற ஆள் அவர்.

"ஏனுங்க, இதென்ன, வழுக்குதே?"

"அது அப்படித்தானுங்க இருக்கும்," என்றார் கன்னையன், மத்தாப்புப் பெட்டி எண்ணிக்கொண்டே. "மேல திருகு இருக்குது பாருங்க. திருகுனா இறுகும். ஏம்மா, அந்தப் புஸ்வாணத்தத் தொடாதீங்க!"

அது அப்படித்தானுங்க! மட்ட ஊசியை விற்கிறவன் சொல்வதும் அதுதான், பழைய மெஷினுக்குப் பெயின்ட் அடித்து விற்கிறவன் சொல்வதும் அதுதான். நல்லானுக்குச் சுர்ரென்று வந்தது. திருகைக் கடைசி வரை இறுக்கினார். ஃபிட்டர் கையால் பலம் கொண்ட மட்டும் திருப்பினார். கொஞ்சம் முரண்டு பிடித்தது, அப்புறம் கிர்ர். இந்தக் கூட்டத்தில் இந்த ஆளிடம் பேசிப் பயனில்லை என்று முடிவு கட்டினார். சாம்பல் நிற ரீலையே எடுத்துக்கொண்டார். இவ்வளவு நல்ல பேரிங்கைப் போட்டவன் இந்த ஒரு இடத்தில் கோட்டை விட்டுவிட்டான், அதை நாமே சரி செய்துகொள்ளலாம் என்பது அவர் கணக்கு.

"நூலு எதுங்க போடட்டும்? நைலான் தங்கூஸா?"

"இருக்கறதுலயே அறாதது எதுவோ அதப் போடுங்க."

கன்னையன் பச்சை நிறத்தில் மெல்லிசான பின்னல் நூல் ஒன்றைச் சுற்றிக் கொடுத்தார். கையில் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார் நல்லான். அறவில்லை, விரலைத்தான் அறுத்தது. பரம திருப்தி.

அவருடைய வீட்டில் சிவப்பு ரப்பர் ஷீட் ஒன்று உண்டு. சாயப்பட்டறை பாய்லருக்குப் போடுகிற தடித்த ரப்பர், எப்போதோ ஒரு சிநேகிதர் கொடுத்த துண்டு. அந்த வீட்டில் எது ஆடினாலும் எது ஒழுகினாலும் நல்லான் அதிலிருந்து ஒரு வளையம் வெட்டுவார். மிக்ஸியின் காலில் அது இருக்கும், குழாய்க்குள் இருக்கும், சைக்கிள் பிரேக்கிலும் இருக்கும். சித்ரகலா பள்ளிக்கூடம் போகிற காலத்தில் டிபன் பாக்ஸில் குழம்பு ஒழுகிப் புத்தகமெல்லாம் நாறியபோது, மூடிக்கு வெட்டிப் போட்டதும் அதுதான். "எனக்குக் காய்ச்சல் வந்தாலும் இவரு அந்த ரப்பரத்தான் வெட்டி ஒட்டுவாரு" என்பாள் நஞ்சம்மாள்.

ரீலின் திருகைக் கழற்றினார். உள்ளே சின்னக் கம்பி வளையம். அதை நெம்பி எடுத்தால், ஒன்றன் மேல் ஒன்றாக மெல்லிய வாஷர்கள், வழுவழுவென்று எண்ணெய் தடவி. அவருக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இறுக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் தடவியிருக்கிறானே, பைத்தியக்காரன்! எண்ணெயைத் துடைத்தார். வாஷர்களை எடுத்துவிட்டுச் சிவப்பு ரப்பரில் அளவாக ஒரு வளையம் வெட்டி உள்ளே வைத்து, எல்லாவற்றையும் பழையபடி பூட்டி முறுக்கினார். இப்போது திருப்பினால் உருளை அசையவே இல்லை. வேட்டியை மடித்துக்கட்டி, நூலின் நுனியைத் தென்னை மரத்தில் கட்டி, ரீலைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்தார். மரம் வந்தாலும் வரும், ரீல் வராது.

தீபாவளியன்று காலை இருவரும் வந்தார்கள். சித்ரகலா வாசலில் நின்றாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். கையில் அதே டிபன் பாக்ஸ், உள்ளே மாமியார் செய்து கொடுத்த முந்திரிக்கொத்து. அவள் மூடியைத் திறந்து அம்மாவிடம் நீட்டியபோது, மூடிக்குள் சிவப்பு வளையம் அப்படியே இருந்ததை நல்லான் பார்த்தார். கண் கலங்கியதை மறைக்க, பட்டாசுப் புகை என்று சொல்லிக்கொண்டு தும்மினார். தெருவில் அப்போது யாரும் பட்டாசு வெடிக்கவில்லை.

ஜெபக்குமாரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்பதுதான் சிக்கல். மாப்பிள்ளை என்ற சொல் தொண்டைக்குழி வரை வந்தது, வெளியே வரவில்லை. "வாங்க," என்றார். "உக்காருங்க," என்றார். பக்கத்தில் உட்கார்ந்து பலகாரம் சாப்பிடவும் மனம் ஒப்பவில்லை. தனக்குப் பசியில்லை என்று கொட்டகைப் பக்கம் போய்விட்டார். சித்ரகலா அதைக் கவனித்தாள். இட்லியைத் தின்னாமல் விரலால் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

பலகாரம் முடிந்ததும் நல்லான் புதுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, ரீலைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்து, இரண்டு கையாலும் நீட்டினார். ஜெபக்குமாரின் முகம் மலர்ந்துவிட்டது. எடுத்துக் கைப்பிடியைச் சுற்றினான். "யப்பா, தண்ணி மாதிரில்லா ஓடுது!" என்றான். பிறகு நூலைப் பிடித்து மெல்ல இழுத்தான். வரவில்லை. திருகைத் தளர்த்தி மறுபடி இழுத்தான். அப்போதும் வரவில்லை. நிமிர்ந்து நல்லானைப் பார்த்தான்.

"ஒரு இஞ்ச் நழுவாதுங்க," என்றார் நல்லான், மார்பு நிமிர. "கடைக்காரன் குடுத்த மாதிரியே உட்டுருவமா? நானே பாத்து வெச்சிருக்கறன்."

அவன் ஒரு கணம் ரீலையே பார்த்தான். பிறகு சிரித்தான். "ரொம்ப நல்லாருக்கு மாமா," என்றான். அசந்து போய்விட்டான் பாவம் என்று நல்லான் நினைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் மழையில் ஊர்க்குளம் நிரம்பித் ததும்பிக் கிடந்தது. ஜெபக்குமார் தன்னோடு வேலை பார்ப்பவனின் தூண்டில் கம்பை வாங்கி வந்திருந்தான். "நான் மட்டும் சும்ம ஒரு எட்டு போயிட்டு வாரேன். நீங்க இருங்க மாமா," என்றான் இரண்டு தடவை. நல்லானா இருப்பார்? தன் கைவேலை வேலை செய்வதைப் பார்க்க வேண்டாமா? இரைக்கான கடலைப் புண்ணாக்கு உருண்டையைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கரையில் லிங்கசாமி நின்றிருந்தார். அந்தக் குளத்தில் மீன் பிடித்தே பொழுதைப் போக்குகிறவர். எப்போதும் வாய் ஓயாத ஆள். ஜெபக்குமார் வீசிய வீச்சைப் பார்த்து அவரே வாயைப் பிளந்தார். தக்கை குளத்தின் நடுவே போய் விழுந்தது. மூவரும் உட்கார்ந்தார்கள். ஜெபக்குமார் ஊரில் அப்பாவோடு கட்டுமரத்தில் போய், வெறும் கையால் நூல் விட்டு மீன் இழுத்த கதையெல்லாம் சொன்னான். நல்லான் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. இவ்வளவு நாள் கேட்காமல் விட்டோமே என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

தக்கை காணாமல் போனது.

ஜெபக்குமார் துள்ளி எழுந்து கம்பை வெடுக்கென்று இழுத்தான். தண்ணீருக்கடியில் ஏதோ புரண்டது. கட்லாதான், பெரியது. கம்பு வில்லாக வளைந்தது. ரீலிலிருந்து சத்தமே இல்லை. "உட்டறாதீங்க! சுத்துங்க!" என்று நல்லான் குதித்தார். ஜெபக்குமார் சுற்றவில்லை. கம்பை நீட்டிக்கொண்டு மீன் போன பக்கமெல்லாம் கரையோரம் ஓடினான். ஓட இடம் தீர்ந்ததும் புதுப் பேன்ட்டோடு தண்ணீருக்குள் இறங்கினான். இடுப்பளவு, பிறகு மார்பளவு.

"அட, நூல உடுங்க!" என்று லிங்கசாமி கத்தினார். "ஓட உடுங்க! ரீலு ஏன் கத்தல?"

"எதுக்குக் கத்தோணும்?" என்றார் நல்லான்.

"எதுக்கா? மீன் இழுத்தா நூலு கிர்ருனு கழண்டு ஓடோணுமுங்க! அது ஓடி ஓடிச் சலிச்சப்பறம் நாம சுத்தோணும். அதுக்குத்தான அந்தத் திருகே வெச்சிருக்கறான்!"

நல்லானுக்கு உள்ளங்கால் வரை சில்லிட்டுவிட்டது. வழுக்குவதற்காகவே செய்தது. எண்ணெய் தடவியவன் பைத்தியக்காரன் இல்லை. அதைத் துடைத்து எறிந்தவன்தான்...

கம்பு டப்பென்று நடுவில் முறிந்தது. ஜெபக்குமார் யோசிக்கவில்லை. கடலில் பழகிய கை, தானாகப் போய் நூலைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. கட்லா கடைசி மூச்சாக ஓர் இழுப்பு இழுத்தது. நூலும் அறவில்லை, ரீலும் நழுவவில்லை. நடுவில் இருந்தது விரல் மட்டும்தான்.

அவன் கத்தவில்லை. "மாமா," என்று மட்டும் கூப்பிட்டான். தண்ணீரில் சிவப்பு பரவியது.

அதன் பிறகு நடந்தது எதுவும் நல்லானுக்கு ஒழுங்காக நினைவில் இல்லை. தண்ணீருக்குள் விழுந்தடித்து இறங்கியது, புதுத் துண்டை அந்தக் கையில் சுற்றியது, லிங்கசாமி நூலை வெட்டி மீனை ஓட விட்டது, முறிந்த கம்பையும் ரீலையும் கக்கத்தில் இடுக்கியபடி அவருடைய மொபெட்டில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டு வெள்ளகோவிலுக்குப் போனது. துண்டு நனைந்து சொட்டிக்கொண்டே வந்தது. வலது ஆள்காட்டி விரல். ஓவர்லாக் டெய்லருக்குத் துணியைத் தள்ளிக் கொடுக்கிற விரல். சாமி, சாமி என்று வழியெல்லாம் அரற்றினார், எந்தச் சாமி என்று குறிப்பாக இல்லாமல்.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தீபாவளிக் காயங்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டாக்டர் துண்டைப் பிரித்ததும், "என்ன வெடி?" என்றார். நூல் என்றதும் நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தார். எலும்பு வரை அறுத்திருக்கிறது என்றார். தசைநார் மயிரிழையில் தப்பித்தது, விரல் மடங்கும், ஆனால் நுனியில் உணர்ச்சி திரும்ப நாளாகும், திரும்பாமலும் போகலாம் என்றார். லிங்கசாமி நல்லானை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குக் கிளம்பினார்.

சித்ரகலாவும் நஞ்சம்மாளும் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தார்கள். கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் சித்ரகலாவின் முகம் வெளிறியது. பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"என்ன ரீலுங்ப்பா வாங்கிக் குடுத்தீங்க? எங்க மேல இருக்கற கோவத்த இப்படியா தீத்துக்குவீங்க?"

அடித்தது போல இருந்தது நல்லானுக்கு.

"ஏ, அவ்வோ என்ன செய்வாவ?" என்றான் ஜெபக்குமார். "நாந்தான் திருகைக் கூடுதலா முறுக்கி வச்சுட்டேன். என் தப்பு. சும்ம மாமாவச் சொல்லாத."

சித்ரகலா அடங்கிவிட்டாள். நஞ்சம்மாள் மூக்கைச் சிந்தினாள். நல்லானுக்கு முதலில் வந்தது நிம்மதி. அந்த நிம்மதியை நினைத்த அடுத்த கணமே உடம்பெல்லாம் கூசியது. பாவம், இந்தப் பையனுக்குத் தெரியாது, தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்கிறானே என்று நினைத்தார். வாயை மூடிக்கொண்டிருந்தால் மகள் மிஞ்சுவாள். சொன்னால் அவள் இனி அந்தப் படி ஏற மாட்டாள், சத்தியம் செய்திருக்கிறாள். வீடு வந்து சேரும் வரை ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, முறிந்த கம்பில் தொங்கிய ரீலை மடியில் வைத்துக்கொண்டு, இதையே திருப்பித் திருப்பி யோசித்தார்.

வீட்டில் நஞ்சம்மாள் இலை போட்டாள். கறிக்குழம்பு ஆறிப் போயிருந்தது. யாருக்கும் சாப்பிடத் தோன்றவில்லை. ஜெபக்குமார் கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இலை முன்னால் உட்கார்ந்தான். சித்ரகலா முந்திரிக்கொத்துக் கொண்டு வந்த டிபன் பாக்ஸைக் கழுவித் துடைத்து, மூடியை எடுத்தாள். சிவப்பு வளையம் மறுபடி கண்ணில் பட்டது.

நல்லானால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ரீலைத் தரையில் வைத்து உட்கார்ந்தார். திருகைக் கழற்றினார். காசை வைத்துக் கம்பி வளையத்தை நெம்பினார். உள்ளிருந்ததை எடுத்து மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

சித்ரகலா பார்த்தாள். அது என்னவென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. அந்த ரப்பரோடு வளர்ந்தவள்.

"வழுக்குச்சு சாமி," என்றார் நல்லான். குரல் உடைந்தது. "கெட்டுப் போன மாலுன்னு நெனச்சு நாந்தான் அடைச்சு வெச்சேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் செஞ்சேன் கண்ணு. சத்தியமா நல்லதுன்னுதான். அவரு முறுக்கல, பாவம், அவருக்கு ஒண்ணும் தெரியாது."

சித்ரகலா வளையத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கணவனின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க இழுத்துப் பாத்தீங்களே. வாசல்ல நின்னு நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். உங்களுக்குத் தெரியலீங்களா?"

ஜெபக்குமார் இலையைப் பார்த்தான்.

"சொல்லுங்க."

"தெரியும்," என்றான். "காலைலயே தெரியும். இழுத்த ஒடனே தெரிஞ்சுட்டு."

நல்லான் நிமிர்ந்தார்.

"அப்புறம் ஏனுங்க வாயத் தொறக்கல?" என்றாள் சித்ரகலா.

"எப்பிடிச் சொல்ல?" அவன் நல்லானைப் பார்த்துப் பேசினான். "ஒரு வருசமா எம் மூஞ்சியப் பாக்காத மனுசன், தாம்பாளத்துல வச்சு, ரெண்டு கையாலயும் குடுத்தியல்லா மாமா. மொத மொதல்ல குடுத்த பொருளு. அந்த எடத்துலயே வச்சு இது சரியில்லன்னா சொல்லுவாவ? தனியா இருக்கையில கழத்தி எடுத்துரலாம்னுதான் நெனச்சேன். நீங்க கூடவே வந்துட்டிய."

நல்லானுக்குக் காதுக்குள் ஏதோ இரைந்தது. குளக்கரையில் விழுந்த இடியைவிட இது பெரிய இடியாக இருந்தது. தெரிந்தே கம்பைக் கையில் எடுத்தான். தெரிந்தே தண்ணீரில் இறங்கினான். ஆஸ்பத்திரியில் அவன் சொன்ன பொய்யும் தெரிந்தே சொன்னது. தன்னுடைய மகள் யாரோ ஒருவனோடு ஓடிப் போய்விட்டாள் என்றுதானே வருஷம் முழுக்க நெஞ்சிலடித்துக்கொண்டார்? இவனோடு அல்லவா போயிருக்கிறாள்! அவருக்கு வெட்கமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

நஞ்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒரு ஸ்பூன் எடுத்து வந்தாள். "கை சரியாகற வரைக்கும் இதுல சாப்புடுங்க மாப்பிள்ளை," என்று இலையோரம் வைத்தாள். ஜெபக்குமார் இடது கையால் அதை எடுக்கப் போனான்.

நல்லான் ஸ்பூனை நகர்த்தி வைத்தார்.

இலைக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். காலையில் பக்கத்தில் உட்காரவே மனம் ஒப்பாத அதே மனிதர், அதே இலையில் கை வைத்துச் சோற்றைப் பிசைந்தார். கறித்துண்டை எலும்பு நீக்கிப் பிய்த்து உள்ளே வைத்தார். உருண்டையாகப் பிடித்து நீட்டினார். நஞ்சம்மாள் அசையாமல் நின்றாள். அவர் மகளுக்குக்கூட இப்படி ஊட்டி அந்த வீடு பார்த்ததில்லை.

"வாயத் தொறங்க, மாப்பிள்ளை," என்றார்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார். நழுவிவிடக் கூடாதே என்று நல்லான் உருண்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தார். உதட்டுக்குப் பக்கத்தில் போய்க் கை அப்படியே நின்றுவிட்டது. விரல் திறக்கவில்லை. மாப்பிள்ளை திறந்த வாயோடு காத்திருந்தார்.

சித்ரகலா அழுதுகொண்டே சிரித்தாள்.

"உருண்டைய உடுங்ப்பா," என்றாள். "உட்டாத்தான உள்ள போகும்."

நல்லான் விட்டார்.